மாமா பேரில் வாங்கிய மாத்திரை

சொர்ணாம்பாளைக் கேட்டால் திருநெல்வேலி டவுனில் நல்ல கண் என்று ஒன்று கிடையவே கிடையாது. பால்காரன் கண் ஒரு மாதிரி. எதிர்வீட்டு உலகம்மாள் கண் அதைவிட மோசம். முருங்கை மரத்தைப் பார்த்து, "அடேயப்பா, என்னமா காய்ச்சிருக்கு!" என்று உலகம்மாள் சொல்லிவிட்டுப் போனாளாம், மறுநாள் காற்றில் மரம் கொப்போடு முறிந்து விழுந்ததாம். காற்றடித்தால் முருங்கைக் கொப்பு முறியாமல் வேறென்ன செய்யும் என்று அவள் புருஷன் அம்மையப்பன் கேட்டுப் பார்த்தார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் நாலு பேரைக் கேள்வி கேட்ட மனுஷர்தான். வீட்டில் பெண்டாட்டியிடம் அவர் கேள்வி எடுபடவில்லை.

அதனால், மருமகள் சித்ரலேகா இரண்டாம் தடவை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே சொர்ணாம்பாள் வாசல் கதவைச் சாத்திவிட்டு, புருஷன், மகன், மருமகள் மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கினாள்.

"அஞ்சு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் ஒரு சொல்லு வெளிய போகக்கூடாது. முக்கூடல் சம்பந்திக்குக் கூட."

"பெத்த அம்மைக்குமா சொல்லக்கூடாது?" என்றான் மகன் சிவகணேஷ்.

"லே, போன தடவ ஊரெல்லாம் சொல்லி என்னத்தக் கண்டோம்?"

போன தடவை, தொண்ணூற்று நாலில், இரண்டாம் மாதமே தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாயிற்று. ஏழாம் மாதம் பந்தல் போட்டு வளைகாப்பு. பந்தல் பிரித்துப் பத்து நாள் ஆகவில்லை, அடுக்களையில் நின்றுகொண்டிருந்த சித்ரலேகா அப்படியே சாய்ந்து கைகாலை வெட்டி வெட்டி இழுத்தாள். பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் கண் முழிக்க இரண்டு நாள் ஆனது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்துவிட்டது என்று டாக்டர் விஜயஸ்ரீ சொன்னாள். கண் பட்டுவிட்டது என்று சொர்ணாம்பாள் சொன்னாள். தெருவில் யார் சொல் நின்றது என்று நான் சொல்லவா வேண்டும்?

ஆனாலும் டாக்டரம்மா அன்றைக்குச் சொல்லி அனுப்பியதைச் சொர்ணாம்பாள் மறக்கவில்லை. அடுத்தது உண்டானால் உடனே வரவேண்டும், நாலு மாதம் முடிவதற்குள் ஒரு மாத்திரை தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாத்திரை வேறொன்றுமில்லை, ஆஸ்பிரின். அம்மையப்பன் நெஞ்சு வலிக்காகத் தினமும் விழுங்குகிற அதே ஆஸ்பிரின்தான். அவருக்குப் பெரியது, இவளுக்கு எழுபத்தைந்து மில்லிகிராம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இது ஏறின பிரஷரை இறக்குற மருந்து இல்லம்மா. ஏறாம இருக்கணும்னு இப்பவே கொடுக்கிறது. மாத்திரை சாப்பிடுறோமேன்னு சும்மா இருந்துடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷர் பாக்கணும்" என்றாள் டாக்டர்.

ரத்தத்தை இளக்குகிற மாத்திரையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிறதாவது என்று சொர்ணாம்பாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அடுக்களைத் தரையில் அந்தப் பெண் துடித்ததைப் பார்த்த பயம் அதைவிடப் பெரிது. மாத்திரை கொடுக்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். காலையில் இட்லி சாப்பிட்டானதும் மாத்திரையை உரித்து உள்ளங்கையில் வைத்து, மருமகள் அதை விழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மீதி மாத்திரை உளுந்து டப்பாவின் அடியில் போய்விடும். உலகம்மாள் உறைமோர் கேட்டு அடுக்களை வரைக்கும் வருகிறவள். அவள் கண்ணில் பட்டுவிட்டால்?

சிவகணேஷ் பாளையங்கோட்டையில் வாங்கி வைத்த மாத்திரை தீர்ந்தபோது அவன் ஊரில் இல்லை. பாங்கில் பயிற்சி என்று மூன்று வாரம் மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்கள். சொர்ணாம்பாளே கிளம்பினாள். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிற நடராஜ் அவளுக்குக் கொழுந்தன் முறை. தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். டாக்டர் சீட்டு இடுப்பில்தான் இருந்தது. ஆனால் சீட்டின் தலையிலேயே பிரசவ டாக்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதை எப்படி நீட்டுவது? பின்னால் உலகம்மாள் வேறு வந்து நிற்கிறாள்.

"கொழுந்தனாரே, அவுகளுக்கு மாத்திர தீந்துட்டு. ஆஸ்பிரின். எழுபத்தஞ்சு" என்றாள். கடைசிச் சொல் அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணாச்சி மாத்திர எனக்குத் தெரியாதா மயினி? நீங்க ஏன் நம்பரெல்லாம் சொல்லிக்கிட்டு!" நடராஜ் கத்தரிக்கோலால் பட்டையை நறுக்கிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

"இதுதான?"

"இதேதான். கண்ண மூடிக்கிட்டுக் கொடுங்க."

அதற்கு மேல் என்ன கேட்பது? உலகம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சொர்ணாம்பாள் நடையைக் கட்டினாள். மறுநாள் காலை சித்ரலேகா மாத்திரையைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, பெருசா இருக்கு?" என்றாள்.

"ஏட்டி, இது வேற கம்பெனி. நடராஜ் கொழுந்தன் கொடுத்தது தப்பாவா இருக்கும்? முழுங்கு."

சித்ரலேகா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பட்டையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் போதும். பட்டைதான் உளுந்துக்கு அடியில் கிடக்கிறதே.

ஐந்தாம் நாள் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. உடம்பு சூடு என்று சொர்ணாம்பாள் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ஏழாம் நாள், கதவில் லேசாக இடித்துக்கொண்ட முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்தது. ஒன்பதாம் நாள் காலையில், சொர்ணாம்பாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அத்தை."

அந்த ஒரு சொல்லிலேயே சொர்ணாம்பாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போட்ட துணி போட்டபடி ஓடினாள். குளியலறை வாசலில் சித்ரலேகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவாடையில் ரத்தம். நிறைய இல்லை, இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. நாலாம் மாதத்தில் அந்த மூன்று சொட்டுக்கு மேல் என்ன வேண்டும்?

"அய்யோ தாயே, போச்சே" என்றாள் சொர்ணாம்பாள்.

"போகல அத்தை, வலி ஒண்ணும் இல்ல. டாக்டர்ட்ட போவோம்." அவள் உதடு வெளுத்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

மாத்திரைதான் காரணம் என்று சொர்ணாம்பாளுக்கு அப்போதே பட்டுவிட்டது. டாக்டரம்மா முகத்தில் விட்டெறிந்து, இதுதானா உன் மருந்து என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். உளுந்து டப்பாவைத் தரையில் கவிழ்த்துப் பட்டையை எடுத்தாள். ஆட்டோ கூப்பிடச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அம்மையப்பன் அவள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏளா, அது என் மாத்திரைல்லா?"

"உங்க மாத்திரையும் இதுவும் ஒண்ணுதான். இது குட்டி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நறுக்கிய பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து எழுத்துக் கூட்டினார். "என்ன குட்டி? முந்நூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. நாலு மடங்குக்கு மேல இருக்கேளா! எத்தன நாளாக் கொடுக்கே?"

சொர்ணாம்பாள் விரலை விட்டு எண்ணினாள். ஒன்பது நாள். ஒரு நாள் தவறாமல், உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்று கொடுத்திருக்கிறாள்.

அந்த நிலைமையிலும் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஆட்டோவப் பின்பக்கச் சந்துக்கு வரச் சொல்லுங்க" என்பதுதான். அட கடவுளே, இப்படியும் ஒரு பொம்பளை உண்டா!

"சந்து பூராவும் குண்டும் குழியுமா கெடக்கு அத்தை." கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் சித்ரலேகா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "வாசலுக்கே வரட்டும். பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

ஆட்டோ வாசலுக்கே வந்தது. சொல்லி வைத்தாற்போல உலகம்மாள் எதிர்வாசலில் நின்றாள். "எங்கன கெளம்பிட்டிய? மருமவ முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"பல் வலி" என்றாள் சொர்ணாம்பாள்.

"பைய போ" என்று ஆட்டோக்காரனிடம் பத்து தடவை சொன்னாள். பைய போனால், "இப்படிப் போனா எப்பம் போய்ச் சேருதது?" என்று அவனையே ஏசினாள். ஆற்றுப் பாலத்தில் ஏறினால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டாள். அன்றைக்குப் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மருமகளின் கை தன் மடியில் இருப்பது மட்டும் தெரிந்தது. சொல்லிவிடுவோமா? என் கையாலேதான் இதைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? தெப்பக்குளத்து அம்மன் முதல் முக்கூடல் ராமசாமி வரைக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

டாக்டர் விஜயஸ்ரீ இன்னும் சித்ரலேகாவின் வயிற்றில் கை வைக்கவில்லை, சொர்ணாம்பாள் பட்டையை மேஜைமேல் போட்டாள். விட்டெறிய வேண்டும் என்று நினைத்திருந்த கை, பிச்சை கேட்கிற மாதிரி நீண்டது.

"இதத்தான் கொடுத்துட்டேன் டாக்டரம்மா. ஒம்பது நாளு. வெளிய தெரியக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லி வாங்கினேன். கடைக்காரரு அவுக மாத்திரையக் கொடுத்துட்டாரு. அவரு மேல தப்பில்ல. எல்லாம் நான் பண்ணினதுதான்."

படுத்திருந்த சித்ரலேகா தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். டாக்டர் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதோடு சேர்ந்த குமிழை அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். கரகரவென்று இரைச்சல். இடது பக்கம் நகர்த்தினாள். இரைச்சல். கீழே இறக்கினாள். இரைச்சல்தான். மூச்சு விட்டால் அந்தச் சத்தத்தில் ஏதாவது தவறிவிடுமோ என்று சொர்ணாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டரின் நெற்றி சுருங்கியது. வலது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே.

அப்புறம் கேட்டது. டக்கு டக்கு டக்கு டக்கு என்று ஓயாமல், குதிரை வண்டி தார் ரோட்டில் ஓடுகிற மாதிரி.

"இருக்கு. நல்லாவே இருக்கு" என்றாள் டாக்டர்.

சொர்ணாம்பாள் அங்கேயே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பிரஷர் பார்த்தாள். நூற்றுப் பதினாறு, எழுபத்து நாலு. ரத்தம் பெரிய மாத்திரையால் வந்ததா, வேறு காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று நாள் எல்லா மாத்திரையும் நிறுத்தி ஓய்வெடுக்கட்டும், ரத்தம் நின்றுவிட்டால் நாலாம் நாள் வாருங்கள், சின்ன மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம் என்றாள்.

"திரும்பவுமா?" சொர்ணாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். "வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அந்தக் கருமாந்தரத்த இனிக் கண்ணுல காட்டாதீங்க."

"அம்மா, போன தடவை நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாப் போகல. அதுலேருந்துதான் பிரஷர், வலிப்பு எல்லாம். ஒரு தடவை அப்படி ஆனவங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இந்தச் சின்ன மாத்திரை அதைக் கொஞ்சம் குறைக்கும். வரவே வராதுன்னு நான் கையடிச்சுக் கொடுக்க மாட்டேன். எங்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். அதையும் வேண்டாம்னா?" டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "போன தடவை விழுந்த அன்னைக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்க. அதுக்கு முன்னால தலைவலி, கால் வீக்கம்னு ஒண்ணும் சொல்லலையா இவ?"

சொர்ணாம்பாளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சொன்னாள். நாலு நாள் சொன்னாள். தலை பிளக்கிறது அத்தை, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது அத்தை என்று சொன்னாள். சூல்காரிக்குக் கால் வீங்காமல் யாருக்கு வீங்கும், சுக்குக் காப்பி குடி, சரியாகிவிடும் என்று போட்டுக் கொடுத்தது யார்? நாலு நாளும் போட்டுக் கொடுத்தது யார்?

"எனக்குச் சரியா ஞாபகமில்ல டாக்டர்" என்றாள் படுத்திருந்த சித்ரலேகா.

பொய். இரண்டு வருஷமாக அந்தப் பெண் இதைப் புருஷனிடம் சொல்லவில்லை, பெற்ற தாயிடம் சொல்லவில்லை. சொர்ணாம்பாளுக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அவள் சொல்லியிருந்தால், திட்டியிருந்தால், தாங்கியிருக்கலாம். இதைத் தாங்க முடியவில்லை.

"நாலு நாள் சொன்னா டாக்டரம்மா. நான்தான் கேக்கல" என்றாள்.

மூன்று நாளும் அவள் மருமகளைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் குளியலறைக் கதவு திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். முதல் நாள் ஒரு சொட்டு. இரண்டாம் நாள் கறைபோல ஏதோ. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் பாளையங்கோட்டைக்குப் போய்த் திரும்பும்போது டாக்டர் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். கீழேயே மருந்துக்கடை இருந்தது. சொர்ணாம்பாள் அங்கே வாங்கவில்லை. இன்னும் ஆறு மாதம் ஓட வேண்டும், அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவர் நடராஜ்தான். மருமகளை வீட்டில் இறக்கிவிட்டு, நேரே தெருமுனைக்கு நடந்தாள்.

சாயங்கால நேரம். கடையில் ஆறேழு பேர். எப்போதும் போல உலகம்மாள்.

"வாங்க மயினி, பல் வலி தேவலையா?" என்றார் நடராஜ்.

சொர்ணாம்பாள் சீட்டை விரித்து, டாக்டர் பெயர் மேலே தெரிகிற மாதிரி கண்ணாடிமேல் வைத்தாள்.

"பல் வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் மருமவ முழுகாம இருக்கா. நாலு மாசம். இந்த மாத்திர அவளுக்கு. எழுபத்தஞ்சு. சீட்டப் பாத்துக் கொடும்."

நடராஜ் சீட்டைப் படித்தார், திரும்பப் படித்தார். அவர் முகம் வெளிறிப் போயிற்று. "அப்பம் அன்னைக்கு நீங்க வாங்கிட்டுப் போனது... அய்யய்யோ மயினி! நான் பெருசுல்லா கொடுத்தேன்!"

"நீரு என்ன செய்வீரு? நான் பொய் சொல்லி வாங்கினேன். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, துடிப்பக் காதால கேட்டுட்டு வாரேன்."

"நல்ல சேதியச் சொல்லாம மறச்சிட்டியேளே" என்றாள் உலகம்மாள். குரலில் வருத்தம் இருந்தது.

"உன் கண்ணுக்குப் பயந்துதான்டி மறச்சேன்." சொர்ணாம்பாள் திரும்பி நின்றாள். மூச்சு வாங்கியது. "ரெண்டு வருஷமா உன்னத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ வளைகாப்புல வாயப் பொளந்து பாத்ததுலதான் எம் பேரன் போனான்னு சொல்லாத வீடு கெடையாது. நீ ஒண்ணும் பண்ணல. தல வலிக்கு, கண்ணு மங்குதுன்னு அந்தப் பிள்ள நாலு நாளா எங்கிட்ட அழுதா. நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். எம் பேரன் என்னாலதான் போனான். எல்லாரும் கேட்டுக்கோங்க."

நடராஜ் குட்டி மாத்திரைப் பட்டையை எடுத்து, அதில் போட்டிருந்த எழுபத்தைந்தை விரலால் தொட்டுக் காட்டினார். வெட்டாமல் முழுப் பட்டையாகவே கொடுத்தார். உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கூடவே வீடு வரைக்கும் நடந்தாள்.

அப்புறம் ஆறு மாதம். மறுநாளே முக்கூடலுக்கும் சேதி போனது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாளையங்கோட்டை, தினம் ஒரு குட்டி மாத்திரை. போன தடவை பிள்ளை போன ஏழாம் மாதம் தாண்டியது. எட்டு தாண்டியது. சொர்ணாம்பாள் இளைத்துத் துரும்பாகிவிட்டாள். டாக்டர் சொன்னபடி எட்டரை மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் மத்தியானம், சோற்றில் கை வைத்த சித்ரலேகா, "அத்தை, லேசா தல வலிக்கு" என்றாள்.

சொர்ணாம்பாள் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடினாள். "ஏ உலகம்மா! கொழுந்தனாரே! ஆட்டோ! ஆட்டோவக் கூப்பிடுங்க! எம் மருமவளுக்குத் தல வலிக்கு!" தெருவே எழுந்து வந்துவிட்டது. உலகம்மாள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகத் தாங்கி ஏற்றினார்கள். நடராஜ் கடைப் போனில் டாக்டரைப் பிடித்து, வருகிறார்கள் என்று கத்தினார்.

பிரஷர் நூற்றைம்பது, நூறு. "ஏற ஆரம்பிச்சிருக்கு. மாதம் நிறைஞ்சாச்சு, இனிக் காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றாள் டாக்டர். மாத்திரைதான் இதுவரைக்கும் தள்ளிப் போட்டதா என்று அம்மையப்பன் கேட்டதற்கு, "இருக்கலாம். அடிச்சுச் சொல்ல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அரை மணி நேரம். ஒரு மணி நேரம். சொர்ணாம்பாள் கதவின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். நிற்காதே, உட்கார் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. வலிப்பு வந்துவிட்டதோ, அதனால்தான் சத்தமே இல்லையோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டாள். கடைசியில் நர்ஸ் துணிச் சுருளோடு வெளியே வந்தாள். சுருளுக்குள் ஒரு சின்ன வாய் கோபமாக அழுதுகொண்டிருந்தது.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டரைக் கிலோ. பிடிங்க பாட்டி."

சொர்ணாம்பாள் கையை நீட்டவில்லை.

"பிள்ள இருக்கட்டும். எம் மருமவ கண்ணு முழிச்சிருக்காளா? அதச் சொல்லு மொதல்ல."

"முழிச்சுதான் இருக்காங்க. அத்தை ஏதாவது சாப்பிட்டாங்களான்னு கேக்குறாங்க."